அம்மி முதல் அடுக்களைப் பொறி வரை

அரசர் ஆண்ட கதையையும் படைகள் பொருத கதையையும் வரலாறு என்று நாம் படித்து வந்திருக்கின்றோம். அவ்வரசருக்கும் அப்படைகளுக்கும் நாள்தோறும் உணவை இடித்தும் அரைத்தும் ஆக்கியும் கொடுத்தவர் யாவர், அவர் எக்கருவி கொண்டு அதனைச் செய்தனர் என்னும் வினாவை வரலாற்று நூல்கள் நெடுங்காலம் எழுப்பவேயில்லை. அரண்மனைக்கு வரலாறு உண்டு; அடுக்களைக்கு வரலாறு இல்லை என்பது போல் இருந்துவிட்டோம். ஆயினும், மனிதன் செலவிட்ட உழைப்பை நாழிகைக் கணக்கில் எண்ணிப் பார்த்தால், போர்க்களத்தில் கழிந்த காலம் சிறிது; அரைகல்லின் முன் கழிந்த காலமே பெரிது. ஆதலால், இன்று பல இல்லங்களில் ஒரு மூலையில் அமர்ந்து அரைத்தல், பிசைதல், கலக்குதல், அவித்தல் எனப் பல தொழில்களையும் தானே செய்யும் அடுக்களைப் பொறி எவ்வாறு வந்தது என்பதனை நேயர்களுடன் சிறிது ஆராயலாம் எனக் கருதுகின்றேன்.

சமையல் என்பது எத்துணை வகைப்படினும், அதனுள் அடங்கிய தொழில்கள் மூன்றேயாம். பொருளைச் சிறிதாக்குதல் ஒன்று. சிறிதாக்கியவற்றை ஒன்றோடொன்று சேர்த்தல் மற்றொன்று. சேர்த்ததற்கு வெம்மை ஊட்டுதல் மூன்றாவது. இம்மூன்றனுள் நெருப்பு செய்யும் தொழில் மூன்றாவது மட்டுமே. முன்னைய இரண்டும் மனிதனுடைய தோளும் இடுப்பும் முழங்காலும் செய்தவை. மனிதனுடைய என்று பொதுப்படக் கூறினேனாயினும், பெண்ணினுடைய என்று கூறுதலே உண்மைக்கு நெருங்கியதாகும்.

இதற்குச் சான்று எழுத்தில் இல்லை, எலும்பில் உண்டு. சிரியா நாட்டில் யூப்பிரட்டீசு நதிக்கரையில் அபு ஹுரேரா என்னும் தொல்லூர் இருந்தது. அவ்விடத்தில் அணை கட்டப்பட்டு நீர் நிரம்பு முன்னர், 1972, 1973ஆம் ஆண்டுகளில் ஆய்வாளர் அவசரமாக அகழ்ந்து பார்த்தனர். பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் குடியிருந்த ஊர் அது. அங்குக் கிடைத்த எலும்புகளைப் பின்னர் ஆராய்ந்த தேயா மொலிசன் என்னும் பிரித்தானிய அறிஞர், பெண்களின் எலும்புகளிற் சிறப்பானதொரு தேய்வைக் கண்டார். காற்பெருவிரல் மூட்டு வளைந்து தேய்ந்திருந்தது. முழங்காலிலும் முதுகின் கீழ்ப்பகுதியிலும் பளுவின் அடையாளம் இருந்தது. முழந்தாளிட்டு, காலின் விரல்களை நிலத்தில் ஊன்றி, தாழ்ந்த கல்லொன்றின் மேல் மற்றொரு கல்லை முன்னும் பின்னுமாகத் தள்ளித் தானியம் அரைத்தமையால் வந்த விளைவு அது என்று அவர் 1994இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். பண்டை எகிப்தியர் தம் கல்லறைகளில் வைத்த சிற்றுருவங்களிலும் இதே நிலையில் அமர்ந்து அரைக்கும் பெண்ணைக் காணலாம். முழங்கால் ஊன்றி அரைத்த அப்பெண்ணும், அம்மியின் முன் குனிந்த நம் பாட்டியும் ஒரே தொழிலின் இரு முனைகளில் நிற்பவர்கள்.

நம் நாட்டு வீடுகளில் இத்தொழிலுக்கென இருந்த கருவிகளை எண்ணிப் பாருங்கள். செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் வைத்துச் சம்பல் அரைக்க அம்மியும் குழவியும், தோசைக்கு ஊறிய அரிசியும் உழுந்தும் அரைக்க ஆட்டுக்கல், பயறு உடைக்கத் திருகை, மாவும் மிளகாய்த் தூளும் இடிக்க உரலும் உலக்கையும், தேங்காய் துருவத் திருவலை, மாத் தெள்ள அரிதட்டு, கொழிக்கச் சுளகு, இடியப்பம் பிழிய இடியப்ப உரல். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு கருவி. ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வோர் இருக்கை. அவ்விருக்கைகள் அனைத்திலும் மாறி மாறி அமர்பவர் மட்டும் ஒருவரே. பல தொழில் செய்யும் பொறி எது என்று அக்காலத்தில் ஒருவர் வினாவியிருப்பாராயின், அவ்வீட்டுத் தாய் என்பதே விடையாக இருந்திருக்கும்.

மேல்நாடுகளில் அரைக்குந் தொழில் வெகு முன்னரே வீட்டை விட்டு வெளியேறத் தொடங்கிற்று. உரோமர் காலத்தில் நீராலை வந்தது. தெசலோனிக்காவைச் சேர்ந்த அன்ரிப்பாற்றர் என்னும் கிரேக்கப் புலவர், நீரின் வலி கொண்டு இயங்கும் ஆலை வந்தமையால் அரைக்கும் மகளிர் இனி வைகறையில் உறங்கலாம் என்னும் கருத்தமையச் சிறு செய்யுளொன்று இயற்றினார். பொறியினால் பெண்ணின் பளு குறைந்தது என்று மகிழ்ந்து பாடப்பட்ட மிகப் பழைய செய்யுட்களுள் அஃது ஒன்றாகும். பின்னர் காற்றாலையும், அதன் பின்னர் நீராவி ஆலையும் வந்தன. ஐரோப்பிய இல்லத்தரசி மாவைக் கடையில் வாங்குபவளானாள்.

நம் வீடுகளில் அவ்வாறு நிகழாமைக்குக் காரணம் யாது? நம்மவர் சோம்பியிருந்தமை அன்று. உணவின் இயல்பே அதற்குக் காரணம். கோதுமை மா உலர்ந்த பொருள், மாதக்கணக்கில் இருக்கும், ஆதலால் அதனை ஊருக்கு ஓர் ஆலை அரைத்துத் தரலாம். நம் அரைப்போ ஈரமானது. அரைத்த தேங்காய் நம் வெப்பத்தில் அரைநாளைத் தாண்டாது. தோசைமா ஓரிரவிலே பொங்கி மறுநாளிலே புளித்துவிடும். ஆதலால் மா இடிக்கும் ஆலையும் மிளகாய் அரைக்கும் ஆலையும் சந்திக்குச் சந்தி வந்த பின்னரும், அம்மியும் ஆட்டுக்கல்லும் வீட்டிலேயே நின்றுவிட்டன. அன்றன்று அரைக்க வேண்டியதை அன்றன்று வீட்டிலேதான் அரைக்க வேண்டும். எனவே நமக்கு வேண்டியிருந்தது பேராலை அன்று; குசினிக்குள் அடங்கக்கூடிய சிற்றாலை. குசினி என்னும் சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது என்பதனை இடையே நினைவூட்டுகின்றேன். பெயரை அவரிடம் பெற்றோமேயன்றி உலக்கையின் பளுவை அவர் குறைத்திலர்.

இனி, வெம்மை ஊட்டுந் தொழிலில் நிகழ்ந்த மாற்றமொன்றைச் சுருங்கக் கூறுவோம். 1679இல் தெனிசு பப்பின் என்னும் பிரெஞ்சு நாட்டவர் இலண்டனில் இறுக மூடிய கலமொன்றைச் செய்தார். உள்ளே அடைபட்ட நீராவியின் அமுக்கத்தால் நீர் நூறு பாகையைக் கடந்த வெப்பத்திலே கொதிக்க, கடினமான எலும்பும் மென்மையாயிற்று. அமுக்கம் மிகுந்து கலம் வெடிக்காவண்ணம் அவர் அமைத்த காப்புவாயில் பின்னர் நீராவிப் பொறிகளுக்கும் உதவிற்று. 1682இல் அரச கழகத்தின் அறிஞர் சிலர் அக்கலத்திற் சமைத்த விருந்தை உண்டனர். அவ்விருந்தைப் பற்றிய குறிப்பு யோன் ஈவ்லின் என்பாரின் நாட்குறிப்பில் இருக்கின்றது. இக்காலத்து அமுக்கச் சட்டிகள் யாவற்றுக்கும் மூதாதை அக்கலமே.

எனினும், அரைத்தலும் பிசைதலும் மின்மோட்டர் வரும்வரை கைவேலையாகவே இருந்தன. மின்மோட்டர் வீட்டினுள் நுழைந்த வகை கவனிக்கத் தக்கது. தொடக்கத்தில் மோட்டர் விலையுயர்ந்த பொருள். ஆதலால் ஒரு வீட்டுக்கு ஒரு மோட்டர் போதும், அதில் வெவ்வேறு உறுப்புகளைப் பூட்டிக்கொள்ளலாம் என்று வணிகர் எண்ணினர். 1918இல் அமெரிக்காவின் சியேர்ஸ் நிறுவனம் தன் விலைப்பட்டியலில் 'வீட்டு மோட்டர்' என ஒன்றை விளம்பரஞ் செய்தது. அதனைத் தையற் பொறியில் மாட்டலாம், விசிறியாக்கலாம், முட்டை அடிக்கலாம், வெண்ணெய் கடையலாம். ஒரு மோட்டர், பல தொழில் என்னும் கருத்து இவ்வாறு உருவாயிற்று.

அக்கருத்தை அடுக்களையில் நிலைநாட்டியவருள் முதல்வர் ஒகையோ மாநிலத்து எர்பட் யோன்சன் என்னும் பொறியியலாளர். 1908ஆம் ஆண்டளவில், வெதுப்பகத்து ஊழியர் ஒருவர் இரும்புக் கரண்டியால் மாவை வருந்திப் பிசைவதைக் கண்ட அவர், அதனைப் பொறி செய்யலாகாதா என்று சிந்தித்தார். அவர் பணியாற்றிய ஹோபார்ட் நிறுவனம் முதலில் வெதுப்பகங்களுக்கான பெரும் பொறிகளைச் செய்தது. 1917இல் அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களுக்கு அவற்றை வாங்கிற்று. 1919இல் வீட்டுக்கான சிறு வடிவம் 'கிச்சின் எயிட்' என்னும் பெயருடன் வெளிவந்தது. சிறு வடிவம் என்றாலும் அதன் நிறை ஏறத்தாழ முப்பது கிலோகிராம். விலை 189 டொலருக்கு மேல். அதன் தலைப்புறத்தில் ஒரு துளை இருந்தது. இறைச்சி அரைக்கும் உறுப்பையும் காய்கறி சீவும் உறுப்பையும் அத்துளையிற் பூட்டினால் அதே மோட்டர் அவ்வேலைகளையுஞ் செய்யும்.

வேறொரு வழியில் வந்தது 'பிளெண்டர்' எனப்படும் கலப்பான். விஸ்கொன்சின் மாநிலத்து இரேசீன் நகரில் வாழ்ந்த ஸ்டீபன் பொப்லோவ்ஸ்கி, பாலும் மோல்ட்டும் கலந்த பானங்களைத் தயாரிப்பதற்காக, 1922ஆம் ஆண்டளவில் கலத்தின் அடியிலேயே சுழலும் அலகைப் பொருத்தினார். அந்நகரே நம் வீடுகளில் நன்கறியப்பட்ட ஹோர்லிக்ஸ் பானத்தின் பிறப்பிடமுமாகும். 1937இல் இசைக்குழுத் தலைவரான பிரெட் வேரிங் என்பார் இப்பொறியைச் சந்தைக்குக் கொணர்ந்தார். பழச்சாறு கலக்கவே அது செய்யப்பட்டதாயினும், அறிவியல் அதனை வேறொரு பணிக்கும் அழைத்தது. 1952இல் ஆல்பிரட் ஹேர்சி, மார்த்தா சேஸ் என்னும் இருவர், கிருமியின் மேல் ஒட்டிய நுண்ணுயிர்க் கூடுகளைப் பிரித்தெடுக்க இத்தகைய கலப்பானையே பயன்படுத்தி, மரபுப் பண்பை ஏந்திச் செல்வது டி.என்.ஏ. என்னும் பொருளே என்பதற்கு வலிய சான்று காட்டினர். அடுக்களைக் கருவியொன்று உயிரியலின் தலையாய வினாவொன்றுக்கு விடை காண உதவிற்று என்பது நாம் மகிழத்தக்க செய்தியாகும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் பிரித்தானிய இல்லங்களில் பெரும் மாற்றம் நிகழ்ந்தது. வீட்டு வேலைக்கென வந்த பெண்கள் போர்க்காலத்தில் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். மீண்டும் அடுப்படிக்கு வர அவர்களுள் பலர் விரும்பவில்லை. நடுத்தரக் குடும்பத்துத் தலைவி முதன்முறையாகத் தானே சமைக்கலானாள். அந்நிலையில், வான்படையிற் பணிபுரிந்து மீண்ட கென்னத் வூட் என்பார் 1947இல் வோக்கிங் நகரில் தம் தொழிலைத் தொடங்கினார். முதலிற் பாண் வாட்டும் பொறி செய்தார். 1950இல் இலண்டனில் நடந்த வீட்டுப் பொருட் கண்காட்சியில் 'கென்வூட் செஃப்' என்னும் பொறியை வைத்தார். அதன் துடுப்பு தானும் சுழன்று கலத்தையும் சுற்றி வரும். கோள் தன்னைத்தான் சுற்றிக்கொண்டே ஞாயிற்றைச் சுற்றி வருவது போன்றது அவ்வியக்கம். ஆதலால் கலத்தில் எம்மூலையிலும் மா பிசையப்படாமல் எஞ்சாது. இறைச்சி அரைக்க, உருளைக்கிழங்கு தோல் நீக்க, பழம் பிழிய, கோப்பி அரைக்க எனப் பல உறுப்புகள் அதிற் பூட்டப்பட்டன. இதில் வியப்பு யாதெனில், அக்காலத்தில் அந்நாட்டில் உணவுப் பங்கீடு இன்னும் நீங்கவில்லை. 1954இலேதான் அது முற்றாக நீங்கிற்று. பிசைவதற்கு வேண்டிய வெண்ணெய் அளந்து கிடைத்த காலத்திலே பிசையும் பொறி வந்துவிட்டது.

அதே 1950ஆம் ஆண்டில் நம் நாட்டில் லக்ஸபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. நீர்வீழ்ச்சியிலிருந்து மின்வலி பெறலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துரைத்திருந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அது கைகூடிற்று. எனினும் மின்கம்பி கிராமத்து வீட்டின் வாயிலுக்கு வர மேலும் பல பத்தாண்டுகள் சென்றன. பொறி பிறந்துவிட்டது, அதற்கு ஊட்ட வேண்டிய மின்சாரம் இன்னும் வழியில் இருந்தது.

ஆசியாவின் உணவு சோறும் ஈர அரைப்புமாதலால், ஆசியாவுக்கு வேண்டிய பொறிகளை ஆசியரே செய்துகொள்ள நேர்ந்தது. யப்பானில் தோசிபா நிறுவனத்து ஊழியரான சோகோ யமடா, வீட்டு வேலைகளுள் மிகக் கடினமானது எதுவென இல்லத்தரசியரிடம் வினாவியபோது, சோறு ஆக்குதலே என்னும் விடை கிடைத்தது. யோசிதடா மினாமி என்னும் சிறு தொழிலதிபர் அப்பொறியைச் செய்யும் பணியை ஏற்றார். அவருடைய மனைவி பூமிகோ நாள்தோறும் அரிசியையும் நீரையும் அளந்து, வெப்பத்தைக் குறித்து, சோதனைகளைச் செய்தார். 1955 டிசம்பரில் மின் சோறாக்கி வெளிவந்தது. அதன் நுட்பம் எளிது. ஒரு சட்டிக்குள் மற்றொரு சட்டி. புறச்சட்டியில் அளந்த நீர். அந்நீர் இருக்கும்வரை வெப்பம் நூறு பாகையைத் தாண்டாது. நீர் வற்றியதும் வெப்பம் ஏற, ஈருலோகத் தகடு வளைந்து மின்னைத் துண்டிக்கும். அடுப்பின் முன் காத்திருந்த கண்ணின் வேலையை ஒரு சிறு தகடு ஏற்றுக்கொண்டது.

அதே 1955ஆம் ஆண்டளவில் கோயம்புத்தூரில் சபாபதி என்பார் ஆட்டுக்கல்லை மின்மோட்டரோடு இணைத்து மாவரைக்கும் பொறியைச் செய்தார். கை நின்ற இடத்தில் மோட்டர் நின்றது. கல் கல்லாகவே இருந்தது. அதுவே அதன் சிறப்பு. அலகு கொண்ட பொறி நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழன்று உழுந்தை வெட்டும். வெட்டுங்கால் மா சூடேறும். கல்லோ மெல்லச் சுழன்று நசுக்கும். மா குளிர்ந்தே இருக்கும். காற்றும் உட்புகுந்து பொங்கும். இட்டலி மென்மையாக வருவது அதனாலேயே. பின்னாளில் 'கோயம்புத்தூர் வெற் கிறைண்டர்' புவிசார் குறியீடும் பெற்றது.

அம்மிக்கு மாற்றாக வந்த 'மிக்ஸி'யின் கதை மேலும் சுவையானது. பம்பாயில் சத்யப் பிரகாஷ் மாதூர் என்னும் பொறியியலாளர் இருந்தார். அவருடைய மனைவி மாதுரி, ஜேர்மனியிற் செய்யப்பட்ட கலப்பானொன்றில் நம் முறைப்படி அரைத்தபோது அதன் மோட்டர் எரிந்துபோயிற்று. பழச்சாற்றுக்கும் சூப்புக்கும் அமைந்த மோட்டரிடம் தேங்காயையும் மஞ்சட் கிழங்கையும் கொடுத்தால் அது யாது செய்யும்! கணவர் வலிமை மிக்க மோட்டருடன் புதிய பொறியொன்றை அமைத்தார். 1963இல் நிறுவனம் தோன்றிற்று. 'சுமீத்' என்று பொறிக்குப் பெயரிடப்பட்டது. நல்ல நண்பன் என்பது அதன் பொருள். உலர்ந்த மல்லியை அரைக்கவும் ஈரச் சட்டினி அரைக்கவும் தனித்தனிக் கலமும் அலகும் அமைத்து, 500 வாற்று வலுவில் இயங்கிய அப்பொறி, தென்னாசிய இல்லங்களின் அம்மியை வெளித் தாழ்வாரத்துக்கு அனுப்பிற்று. மேல்நாட்டிலிருந்து வந்த பொறியை நம் உணவுக்கேற்ப மாற்றியமைத்தனரே யன்றி, பொறிக்கேற்ப நம் உணவை மாற்றினாரல்லர் என்பதே இங்கு அறியத்தக்கது.

இதுகாறும் கூறிய பொறிகள் அரைப்பன அரைத்தன, ஆக்குவன ஆக்கின. இரண்டையும் ஒரே கலத்தில் இணைத்தது ஜேர்மனியின் வூப்பர்த்தால் நகரத்து வோர்வேர்க் நிறுவனம். காய்கறியை அவித்துப் பின் மசித்து ஆக்கும் கெட்டிச் சூப்பை விரும்பும் பிரான்சு நாட்டவருக்கு, மசித்தலும் அவித்தலும் ஓரிடத்தில் நடந்தால் எளிதாகுமே என்னும் எண்ணத்திலிருந்து 1971இல் 'தெர்மோமிக்ஸ்' பிறந்தது. 1996இல் அதனுள் நிறுவைக் கருவியும் சேர்ந்தது. 2014 முதல் சமையற் குறிப்பை ஒவ்வொரு படியாகத் திரையிற் காட்டி, வெப்பத்தையும் நேரத்தையும் தானே வகுத்துக்கொள்ளும் வகை வந்தது. மறுபுறம், பப்பினின் அமுக்கக் கலமும் யப்பானியரின் சோறாக்கியும் ஒன்றாகி, 2010இல் கனடாவில் 'இன்ஸ்ரன்ற் பொட்' என வெளிவந்தது. அவித்தல், வதக்குதல், தயிர் உறையவைத்தல் எனப் பல தொழிலை அது செய்தது. பெருவிற்பனை கண்ட அந்நிறுவனம் 2023இல் கடன் நெருக்கடியால் நீதிமன்றத்தின் காப்பை நாட நேர்ந்தது. பல்லாண்டு பழுதுறாத பொறியை ஒருமுறை வாங்கியவர் மீண்டும் வாங்க வேண்டிய தேவை என்ன என்று பலர் அப்பொழுது எழுதினர்.

நம் நாட்டுக்கு மீள்வோம். 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தமையால் மின்பொறிகள் அரிதாயின. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் அவை கடைகளில் நிரம்பின. மத்திய கிழக்குக்கு உழைக்கச் சென்ற பெண்கள் தம் ஊதியத்திலிருந்து தாய்க்கு வாங்கி வந்த பொருட்களுள் கலப்பானும் ஒன்றாக இருந்தது. பிறர் வீட்டுக் குசினியில் உழைத்துத் தன் வீட்டுக் குசினிக்குப் பொறி வாங்கிய அம்மகளிரை எந்தப் பொறியின் வரலாறும் குறிப்பிடுவதில்லை. ஆதலின் நான் இங்கே குறிப்பிடுகின்றேன்.

பின்னர், 1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோயிற்று. நான் அப்பொழுது இருபது வயதளவினன். பாடம் படிக்கப் போத்தல் விளக்கு. வானொலி கேட்கத் துவிச்சக்கர வண்டி. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து பெற்ற மின்னில் வானொலிப் பெட்டியை இயக்கிச் செய்தி கேட்டதை அக்காலத்து நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த டைனமோ தருவது மூன்று வாற்று அளவு. மிக்ஸிக்கு வேண்டியதோ ஐந்நூறு. ஆதலால் வானொலி பேசிற்று, மிக்ஸி பேசவில்லை. துணியால் மூடப்பட்டு அலுமாரியின் மேல் ஏறிவிட்டது. கோடியிற் கிடந்த உரலும் அம்மியும் கழுவப்பெற்று மீண்டும் உள்ளே வந்தன.

அக்காலத்தில் ஒருநாள் என் தாயாருக்குக் காய்ச்சல். ஊறவைத்த அரிசி சுளகில் இருந்தது. அதனை அன்றே இடித்தாக வேண்டும். நான் உலக்கையை எடுத்தேன். மா இடித்தல் எளிது என்றே அதுவரை எண்ணியிருந்தேன். உரலருகே அமர்ந்து புத்தகம் படித்த அனுபவம் எனக்கு நிரம்ப உண்டு. கால்மணி நேரத்தில் உள்ளங்கையிற் கொப்புளம் எழுந்தது. பாதி அரிசியும் இடிபடவில்லை. தாயார் எழுந்து வந்து, எனக்கெதிரே மற்றோர் உலக்கையுடன் நின்று, என் உலக்கை எழும்போது தம் உலக்கை விழுமாறு முறைப்படுத்தி, மீதியை முடித்தார். அவருடைய உடல் காய்ச்சலால் கொதித்துக்கொண்டிருந்தது. "இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை, அம்மா?" என்று கேட்டேன். "எதைச் சொல்ல?" என்றார். அபு ஹுரேரா ஊரின் எலும்புகளைப் பற்றிப் பின்னாளிற் படித்தபொழுது, எனக்கு நினைவு வந்தது அந்த ஒரு சொற்றொடரே.

2022இலும் இதையொத்த காலம் வந்தது. நாடு முழுவதும் அந்நியச் செலாவணி நெருக்கடியால், மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. சமையல் எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். விறகடுப்பும் அம்மியும் கொழும்பு நகரத்து மாடிவீடுகளிலும் தேடப்பட்டன. பொறி எத்துணைத் தொழில் செய்யினும், மின்கம்பி அறுந்தால் ஒரு தொழிலும் செய்யாது என்னும் பாடத்தை நம் தலைமுறை இருமுறை கற்றுக்கொண்டது. ஆதலின் பொறி வாங்கியவர் அம்மியை விற்றுவிட வேண்டாம் என்பதே என் எளிய கருத்து.

இனி, இவ்வரலாற்றின் தலையாய வினாவுக்கு வருவோம். பொறிகள் பெண்ணின் வேலையைக் குறைத்தனவா? குறைத்தன என்றே எவரும் உடனே கூறுவர். ஆனால் ஆய்வாளர் கண்டது வேறு. அமெரிக்காவில் வெளித்தொழில் செய்யாத இல்லத்தரசியர் வீட்டு வேலைக்குச் செலவிட்ட நேரத்தை யோவான் வனெக் என்பார் 1974இல் ஒப்பிட்டு நோக்கினார். 1924இல் அது கிழமைக்கு ஏறத்தாழ 52 மணி. 1960களில் ஏறத்தாழ 55 மணி. இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் பொறிகள் பல வீட்டினுள் வந்தன, நேரமோ குறையவில்லை. 1983இல் வெளிவந்த தம் நூலில் ரூத் சுவார்ட்ஸ் கோவன் என்னும் வரலாற்றாசிரியர் இதற்குக் காரணங் காட்டினார். மாவை ஆலை அரைத்தபோது, தானியம் சுமந்தும் குத்தியும் உதவிய கணவனும் பிள்ளைகளும் ஓய்வு பெற்றனர். தாயோ மென்மாவு கிடைத்தமையால் முன்னில்லாத பலகாரங்களைச் செய்யும்படி எதிர்பார்க்கப்பட்டாள். இரும்படுப்பு வந்தபோது, ஆடவர் விறகு பிளக்கும் வேலை குறைந்தது. ஒரு சட்டிக் கறி பல சட்டிக் கறியாயிற்று. முட்டையடிக்கும் கருவி வந்தபோது, முட்டை நிறைய அடித்துச் செய்யும் பணியாரம் நாகரிகமாயிற்று. பொறி மிச்சப்படுத்திய நேரத்தை வீட்டாரின் நாக்கு உண்டுவிட்டது.

இது மேல்நாட்டுக் கதை என்று நாம் ஒதுக்க இயலாது. ஆட்டுக்கல்லில் உழுந்து அரைத்த காலத்தில் தோசை கிழமைக்கொருமுறை வரும் விருந்து. பொறி வந்தபின் அது நாள்தோறும் கேட்கப்படுகின்றது. சம்பல் ஒன்று இருந்த இடத்தில் மூன்று. பொறியை இயக்குபவரும், அதன் அலகைக் கழுவுபவரும், கலத்தின் கீழ்ப்புறத்து மாவைத் துடைப்பவரும் முன்போல் அவர் ஒருவரே. தோளின் வலி குறைந்தது உண்மை. அது சிறு நன்மையன்று. முழங்கால் தேய்ந்த பெண்களின் எலும்பைக் கண்டவர் எவரும் பொறியைப் பழிக்கத் துணியார். ஆனால் பளுவைக் குறைப்பது வேறு, பங்கிடுவது வேறு. முன்னதைப் பொறி செய்யும். பின்னதை மனிதரே செய்தல் வேண்டும்.

பாடசாலையில் நான் காண்பதொன்றைக் கூறி முடிக்கின்றேன். காலையிற் பிந்தி வரும் பிள்ளைகளிடம் காரணம் கேட்பது அதிபரின் கடமை. ஆண்பிள்ளைகள் பெரும்பாலும் உறங்கிவிட்டதாகக் கூறுவர். பெண்பிள்ளைகளுள் சிலர், அம்மாவுக்குச் சமையலில் உதவியதாகக் கூறுவர். அவர்களுடைய வீட்டில் மிக்ஸி இல்லாமல் இல்லை. அதே வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த தம்பியும் இல்லாமல் இல்லை. பழைய உலக்கையைத் தூக்க ஆணின் தோள் வேண்டும் என்றாவது ஒருகால் சொல்லியிருக்கலாம். விசையை ஒரு விரலால் திருப்பும் பொறிக்கு அச்சாட்டும் இல்லை. பத்து வயதுப் பிள்ளையும் பெரியவர் மேற்பார்வையில் அதனை இயக்கலாம். கலத்தை அரைப்பங்குக்கு மேல் நிரப்பாமை, கொதிக்கும் குழம்பை மூடிய கலத்தில் அரைக்காமை, மின்னைத் துண்டித்த பின்னரே அலகைத் தொடுதல், பொறி சூடேறித் தானே நின்றால் ஆறவிட்டு அடிப்புற விசையை அழுத்துதல் ஆகிய நான்கும் தெரிந்தாற் போதும். இந்நான்கையும் மகளுக்குக் கற்பிக்கும் தாய், அன்றே மகனுக்கும் கற்பிப்பாராக.

பல தொழில் செய்யும் பொறி நம் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு வீட்டின் பல தொழிலையும் ஒருவர் மேலேயே சுமத்தும் வழக்கம் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. முன்னதன் வரவு வரலாற்றிற் பதிவாகிவிட்டது. பின்னதன் முடிவும் பதிவாகும் நாளை நம் பிள்ளைகள் காணட்டும்.